முப்பத்தைந்து எல்லாம் முப்பத்தைந்து அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய காரில் அடிக்கடி பியூஸ் எரிகிறது என்று கேட்ட வாசகருக்கு, சென்ற வாரம் உங்கள் வாகனப் பக்கத்தில் 'கொஞ்சம் கூடின அம்பியர் போட்டுப் பாருங்கள்' என்று பதில் வந்திருந்தது. தயவுசெய்து அந்த வாசகர் அப்படிச் செய்துவிட வேண்டாம். அதே யோசனையைக் கேட்டுத்தான் நானும் ஒருமுறை என் காரைக் கொளுத்தப் பார்த்தேன்.

என்னுடையது 1964ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு வன்னியில் இந்தக் கிழடுகளுக்கும் ஒரு மவுசு வந்ததே, அப்போது வாங்கியது. ஏ9 வீதியில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். மாங்குளத்தால் திரும்பி, மல்லாவிப் பக்கம் எங்கள் கிரவல் ஒழுங்கைக்குள் இறக்கினால் பெற்றோல் முள் பொத்தென்று விழும். சிக்னல், வைப்பர், பிறேக் லைற் எல்லாம் அதோடு சேர்ந்து செத்துவிடும். ஹோர்ன் மட்டும் அடிக்கும், எஞ்சினும் ஓடும். மைனரின் பியூஸ் பெட்டியில் இருப்பதே இரண்டு பியூஸ்தான். ஹோர்ன் ஒன்றில், மேலே சொன்னவை மற்றதில். எஞ்சினுக்குப் போகிற மின்சாரம் பியூஸ் வழியாகப் போவதேயில்லை. ஆகவே எந்தப் பியூஸ் என்று தேட வேண்டியிருக்கவில்லை.

கராஜில் இருந்த தம்பி எரிந்த பியூசைச் சுற்றிச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை இறுக்கி, "இனிப் போகாது அண்ணை" என்றார். சொன்னது உண்மைதான், பியூஸ் போகவில்லை. அடுத்த கிழமை முறிகண்டியில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்திவிட்டு வண்டியை எடுத்தேன். கொஞ்சத் தூரம் போனதும் ஒரு மணம். கற்பூரம் உடுப்பில் பிடித்துவிட்டதாக்கும் என்று இருந்துவிட்டேன். டாஷ்போர்ட்டுக்குக் கீழே புகை வந்த பிறகுதான் பற்றரி வயரைப் பிடுங்கினேன்.

அந்தத் தம்பியில் பிழை சொல்ல மனம் வரவில்லை. தொண்ணூறுகளில் போரோடு வன்னிக்கு இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் ரோச் பற்றரிக்கே தடை. மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் நாங்கள். பியூசுக்கு எங்கே போவது? வெள்ளித்தாள்தான் கைகொடுத்தது. கடைகளில் பியூஸ் தாராளமாகக் கிடைக்கிற இன்றைக்கும் அந்தக் கைப்பழக்கம் விடவில்லை.

கடைப் பியூசிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. இங்கிலாந்தின் லூகாஸ் கம்பனி செய்த பழைய கண்ணாடிப் பியூசுக்குள் சின்னக் கடதாசித் துண்டொன்றில் 35 என்று இருக்கும். அது பியூஸ் உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 அம்பியர்தான். மற்ற நாட்டுப் பியூசுகளில் பொறித்திருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. பழையதைக் காட்டி "முப்பத்தைஞ்சு ஒன்று தாங்கோ" என்று கேட்டால், கடைக்காரர் நல்ல மனதோடு இரண்டு மடங்கு பெரியதைத் தந்துவிடுவார். மைனருக்கு அந்த இடத்தில் 15 போதும். பிறேக் பல்ப் ஒன்று 21 வாற். இரண்டும் 42 வாற், 12 வோல்ட்டால் பிரித்தால் மூன்றரை அம்பியர். சிக்னலையும் வைப்பரையும் சேர்த்தாலும் நல்ல நிலையில் உள்ள காரில் பதினைந்தைத் தொடாது. பிறகு ஏன் எரிகிறது என்றல்லவா கேட்க வேண்டும்?

எரிந்த பியூசை எறிய முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கம்பி நடுவில் இளகி அறுந்திருந்தால் பாரம் கூடியிருக்கிறது; வைப்பர் மோட்டர் இறுகினால் அப்படி வரும். முனைத் தொப்பி கறுத்து ஈயம் இளகியிருந்தால் பியூசைப் பிடிக்கும் கிளிப்பில் களிம்பு. கண்ணாடி முழுக்கக் கறுத்து, உள்ளே வெள்ளி பூசினது மாதிரி இருந்தால் எங்கோ வயர் நேரே பொடியில், அதாவது காரின் தகர உடலில், முட்டிச் சோட் ஆகிறது. என்னுடையது மூன்றாவது வகை.

அதைப் பிடிக்க மீற்றர் தேவைப்படவில்லை. புகைந்த வயர்களை மாற்றிய பிறகு, பியூசைக் கழற்றி அதன் இரு கிளிப்பிலும் 21 வாற் பல்ப் ஒன்றை வயர் வைத்துக் கொழுவினேன். சோட் ஆனாலும் பல்ப் முழு வெளிச்சமாக எரியுமே தவிர வேறொன்றும் கருகாது. எஞ்சின் ஓடாமல் சாவியைப் போட்டு வைத்தால், பிளக்குகளுக்குத் தீப்பொறி கொடுக்கும் கொயில் சூடாகும். அதனால் கொயிலுக்குப் போகிற வெள்ளை வயரைக் கழற்றி நுனியில் ரேப் சுற்றிவிட வேண்டும். பிறேக் மிதியைச் சீற்றோடு தடி கொடுத்து அமத்தி வைத்தேன். பல்ப் கொஞ்சம் மங்கலாக எரிந்தது. பிறேக் லைற்றுகளும் மின்மினி மாதிரி எரிந்தன. இதுவரை சரி. மகனைப் பின் பம்பரில் ஏறிக் குதிக்கச் சொன்னேன். மூன்றாம் குதியில் என் மடியில் இருந்த பல்ப் பளிச்சென்று முழு வெளிச்சம் எடுத்தது. "அப்பா, பின்லைற் நூந்திட்டுது!" என்று கத்தினான்.

டிக்கிக்குள் வயர்க்கட்டு நுழைகிற தகரத் துவாரத்தில் இருந்த றப்பர் வளையம் அறுபது வருடத்தில் கல்லாகி உதிர்ந்திருந்தது. பச்சையில் ஊதாக் கோடு போட்ட வயர், அதுதான் பிறேக் லைற் வயர், தகர விளிம்பில் உராய்ந்து உராய்ந்து உறை தேய்ந்து, அரிசிமணியளவு செம்பு தெரிந்தது. பிறேக் பிடிக்காவிட்டால் அதில் மின்சாரம் இல்லை. தார் றோட்டில் குலுக்கம் இல்லை. கிரவலும் பிறேக்கும் ஒன்றாக வந்தால்தான் வருத்தம் வரும். எந்தக் கராஜில் கொண்டுபோய் நிறுத்தினாலும் அகப்படாமல் போனது இதனால்தான். புது வயர்த் துண்டு, புது றப்பர் வளையம், அரை மணித்தியால வேலை.

கேள்வி கேட்ட வாசகரின் கார் என்னவென்று நீங்கள் எழுதவில்லை. மைனர் மாதிரிப் பிளஸ் ஏத் கார், அதாவது பற்றரியின் பிளஸ் முனையைப் பொடியில் கொழுவிய கார் ஒன்றில் புதுப் பாட்டுப் பெட்டி பூட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் தகரக் கூடு மைனஸ், கார்ப் பொடி பிளஸ். ஒன்றில் ஒன்று முட்டினால் அதுவும் சோட்தான்.

திருத்தத்தை அடுத்த இதழிலேயே போடுங்கள். மாரி தொடங்கினால் இந்தப் பக்கம் எல்லாரும் வைப்பரைப் போடுவார்கள்.

இங்ஙனம்,
மைனர்காரன்,
மல்லாவி.