திறக்காத கதவு குறித்து ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் சொகுசு மின்சாரக் காரை 14 மாதங்களாக ஓட்டிவரும் வாடிக்கையாளர்

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 12 வோல்ட் பேட்டரி மூன்று முறை செயலிழந்தது, மின்சாரம் போன நிலையில் பின்கதவைத் திறக்க முடியாமல் போனது ஆகியவை குறித்து.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். தங்களிடம் வாங்கிய கார் இதுவரை 18,400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இந்த 14 மாதங்களில் மூன்று முறை அது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முற்றிலும் செயலற்றுப் போனது. மூன்று முறையும் காரை ஓட்டும் பெரிய பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை, பூட்டு, விளக்கு போன்றவற்றை இயக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரியை மாற்றித் தந்தார்கள். காரணத்தை ஒரு முறையும் சொல்லவில்லை. நேரில் பேசியும் செயலி வழியாக எழுதியும் பயன் இல்லாததால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

மூன்றாவதாக நடந்ததை முதலில் சொல்கிறேன், ஏனெனில் அதற்குப் பிறகுதான் இது வெறும் தொந்தரவு என்ற நிலையைத் தாண்டி, பாதுகாப்புக் குறை என்று எனக்குப் புரிந்தது. சென்ற மாதம் ஒரு மாலையில் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, அணைத்துவிட்டு, வாயிற்கதவைத் திறக்க இறங்கினேன். பின்னிருக்கையில் 78 வயதான என் மாமனார் அமர்ந்திருந்தார். நான் திரும்பி வருவதற்குள் திரை அணைந்திருந்தது, உள்விளக்கு அணைந்திருந்தது, கதவோடு கதவாகப் படிந்திருக்கும் வெளிப்பிடிகள் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து அவர் அழுத்திய பொத்தானும் மின்சாரத்தில் இயங்குவதுதான் என்பதால் அதனாலும் பலனில்லை. ஓட்டுநர் கதவை நான் சாத்தாமல் விட்டிருந்தேன். அது ஒன்றே எங்கள் அதிர்ஷ்டம். முன் கதவில் கையால் இழுத்துத் திறக்கும் நெம்புகோல் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறது. பின்கதவில் அது எங்கே என்று தேடினால் கிடைக்கவில்லை. பயனர் கையேட்டைப் பார்க்கலாம் என்றால், தாங்கள் அச்சிட்ட கையேடு தருவதில்லை. அது காரின் தொடுதிரைக்குள்தான் இருக்கிறது, அந்தத் திரைதான் இறந்து கிடக்கிறது. கடைசியில் கைபேசியில் தங்கள் இணையதளத்திலிருந்து 400 பக்கத்துக்கு மேற்பட்ட கோப்பைத் தரவிறக்கிப் பக்கம் பக்கமாகத் தள்ளிக் கண்டுபிடித்தேன்: கதவுப் பையின் அடியில் விரித்திருக்கும் ரப்பர் விரிப்பைத் தூக்கி, அதன் கீழே உள்ள சிறிய மூடியை நகத்தால் நெம்பி, உள்ளே சுருண்டு கிடக்கும் கம்பி வளையத்தை முன்பக்கமாக இழுக்க வேண்டும். இருக்கைகளுக்கு நடுவே நான் பாதி உடலை நுழைத்து அதை இழுத்தபோது ஏழு நிமிடம் ஆகியிருந்தது. இறங்கியவர், "ஏன் மாப்பிள்ளை, கதவைத் திறக்கவே புத்தகம் படிக்கணுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத் தங்களுக்கே அனுப்பி வைக்கிறேன்.

அன்று புகையோ தீயோ வெள்ளமோ இல்லை. இருந்திருந்தால் அந்த ஏழு நிமிடத்தை யார் கொடுத்திருப்பார்கள்?

முந்தைய இரண்டு நிகழ்வுகளும் இதே வகைதான், ஆனால் காருக்குள் யாரும் இல்லை. முதல் முறை, நிலத்தடி வாகன நிறுத்தத்தில் ஆறு நாள் நின்ற காரைக் காலையில் எடுக்கப் போனபோது அது கைபேசிச் சாவியையும் ஏற்கவில்லை, அட்டைச் சாவியையும் ஏற்கவில்லை. 12 வோல்ட் மின்சாரம் வெளியிலிருந்து கொடுக்கலாம் என்றால், பேட்டரி இருப்பது முன்மூடியின் கீழே. அந்த மூடியைத் திறக்கும் பூட்டும் மின்சாரத்தில் இயங்குவது. முன் பம்பரில் ஒரு சிறிய வட்ட மூடிக்குப் பின்னால் இரண்டு ஒயர்கள் இதற்கென்றே விடப்பட்டிருக்கின்றன என்பதை இழுவை வண்டியோடு வந்தவர்தான் காட்டினார். இரண்டாம் முறை அந்த மூடியை நானே திறந்துகொண்டேன். வாடிக்கையாளரைத் தாங்கள் இப்படித்தான் பயிற்றுவிக்கிறீர்கள் போலும்.

இதில் உள்ள முரண் தங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. இருக்கைகளுக்கு அடியில் 94 கிலோவாட் மணி பேட்டரி இருக்கிறது. ஆனால் அதைக் காரோடு இணைக்கும் காண்டாக்டர்கள் என்னும் மின்சுவிட்சுகள் மூடி இணைப்புக் கொடுக்க 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். பூட்டு, கணினிகள், விளக்கு, கதவுப் பிடி எல்லாமே அந்தச் சின்ன ஈய-அமில பேட்டரியை நம்பியே இருக்கின்றன. கார் விழித்திருக்கும்போது, உயர் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டர் வழியாகப் பெரிய பேட்டரி சின்னதற்கு ஊட்டுகிறது. தூங்கும்போது சின்னது தனியாகத் தாங்க வேண்டும். சார்ஜ் அடிக்கடி இறங்கி அடிக்கடி ஏறினால் ஈய-அமில பேட்டரி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பது பழைய பெட்ரோல் கார் வைத்திருந்தவர்களுக்கே தெரிந்த செய்தி.

என் கார் சரியாகத் தூங்குவதில்லை என்று நான் கருதுவதற்குக் காரணம் இருக்கிறது. மேலே சொன்ன அந்த ஆறு நாளில், நின்ற இடத்திலேயே பெரிய பேட்டரி 78 சதவீதத்திலிருந்து 71 சதவீதமாக இறங்கியிருந்தது. ஏழு சதவீதம் என்பது ஏறத்தாழ ஆறரை கிலோவாட் மணி. ஐந்து 9 வாட் எல்இடி பல்புகளை ஆறு நாளும் இரவு பகலாக எரியவிட்டால் ஆகும் செலவு அது. நிற்கும் காரைச் சுற்றிக் கண்காணிக்கும் காவல் கேமரா வசதியை நான் அணைத்தே வைத்திருக்கிறேன். பிறகு எது விழித்திருக்கிறது, எதற்காக விழித்திருக்கிறது? இதை இரண்டு முறை கேட்டேன். முதல் முறை "அனைத்தும் நிர்ணயிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளன" என்று பதில் வந்தது. இரண்டாம் முறை நேரில் சென்றபோது, செயலியை அடிக்கடி திறந்து பார்த்தால் கார் விழித்துக்கொள்ளும், ஆகவே அதைத் தேவையில்லாமல் திறக்க வேண்டாம் என்று அறிவுரை சொன்னார்கள். காரை எங்கிருந்தும் கைபேசியில் பார்க்கலாம் என்று விளம்பரம் செய்து விற்ற நிறுவனம், பார்த்தால் பழுதாகும் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

இவ்வளவு எழுதியும் காரைத் திருப்பித் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. காரணம், இதன் கடினமான பகுதிகளைத் தாங்கள் மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள். வாங்கிய புதிதில் நெடுஞ்சாலையில் மெல்லிய உருளல் சத்தம் ஒன்று கேட்டது. இரண்டு நாள் தேடிய பிறகு அது கதவுப் பையில் கிடந்த பேனா என்று தெரிந்தது. 100 கிலோமீட்டர் வேகத்தில் பேனா உருள்வது காதில் விழும் காரை நான் இதற்கு முன் ஓட்டியதில்லை. ஏர் சஸ்பென்ஷன், இரண்டரை டன் எடையைப் பள்ளத்தில் இறக்கி ஏற்றுவதை இருக்கையில் உணரவே முடிவதில்லை. மிதித்த கணமே முழு இழுவிசை கிடைப்பதால் முந்திச் செல்வதில் தயக்கம் இல்லை. பிரேக்கை மிதிக்காமல் காலைத் தூக்கியே வேகத்தைக் குறைத்து, அந்த ஆற்றலைத் திரும்பப் பெறும் ஏற்பாடு மிக நயமாக அமைந்திருக்கிறது. ஒரு நீண்ட மலைச்சரிவில் இறங்கி முடித்தபோது பேட்டரி 61-லிருந்து 63 ஆக ஏறியிருந்தது. 15,000 கிலோமீட்டர் சர்வீஸில் பிரேக் பேடுகள் கிட்டத்தட்ட புதிதாகவே இருந்தன. எடைக்கான விலையை டயர்கள் கொடுக்கின்றன என்பது வேறு விஷயம். அதைத் தெரிந்தேதான் வாங்கினேன்.

ரேஞ்ச், அதாவது ஒரு முழுச் சார்ஜில் ஓடும் தூரம் குறித்தும் நியாயமாகவே பேச விரும்புகிறேன். விளம்பரத்தில் உள்ள 610 கிலோமீட்டர், டபிள்யூஎல்டிபி என்னும் தரப்படுத்திய ஆய்வகச் சோதனையில் கிடைத்த எண். அந்தச் சோதனை 30 நிமிடத்தில் சுமார் 23 கிலோமீட்டர் ஓடுவது. அதன் சராசரி வேகம் மணிக்கு 46.5 கிலோமீட்டர்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், 110-ல் ஓட்டும் எனக்கு 430 கிலோமீட்டர் கிடைப்பதில் வியப்பில்லை. இயற்பியல் விதிக்குத் தங்களைக் குற்றம் சொல்ல முடியாது. நான் குறை சொல்வது, விற்பனையாளர் இதைச் சொல்லாததையும், காரின் திரை ஒவ்வொரு முழுச் சார்ஜுக்குப் பிறகும் 610 என்றே பிடிவாதமாகக் காட்டுவதையும். நெடும்பயணத்தில் யாரும் நூறிலிருந்து பூஜ்யம் வரை ஓட்டுவதில்லை. 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறோம். 80-க்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் குறைந்துவிடும் என்பதால் அதுதான் புத்திசாலித்தனமும்கூட. அப்படிப் பார்த்தால் ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் இடையே எனக்கு உள்ளது 300 கிலோமீட்டர். அது போதுமானதுதான். அந்த எண்ணை முதலிலேயே சொல்லியிருந்தாலும் நான் இதே காரை வாங்கியிருப்பேன்.

வேகச் சார்ஜிங் பற்றியும் ஒரு வார்த்தை. 10-லிருந்து 80 வரை 31 நிமிடம் என்ற தங்கள் வாக்குறுதி உண்மைதான், நானே அளந்து பார்த்தேன். ஆனால் முதல் நான்கு மாதமும் எனக்கு 55 நிமிடத்துக்குக் குறையாமல் ஆனது. 200 கிலோவாட் வரை தர வேண்டிய சார்ஜரில் 70-ஐச் சுற்றியே முள் நின்றது. கைபேசி வரைபடத்தைப் பார்த்து ஓட்டாமல், காரின் சொந்த வழிகாட்டியில் அந்தச் சார்ஜிங் நிலையத்தை இலக்காகக் குறித்தால் மட்டுமே பேட்டரி வழியிலேயே சூடேறி வேகச் சார்ஜிங்குக்குத் தயாராகும் என்பதை இன்னொரு கார் உரிமையாளர் சொல்லித்தான் அறிந்தேன். சூடேற்ற ஒரு தனிப் பொத்தான் வைப்பதில் என்ன சிரமம்?

பொத்தான் என்றதும் இதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். வைப்பரின் வேகத்தைக் கூட்ட, கொட்டும் மழையில் திரையில் இரண்டு படி உள்ளே போக வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்குக் கடந்த சாப்ட்வேர் அப்டேட், கண்ணாடி மூட்டத்தை நீக்கும் குறியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டது. இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருப்பதை கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2026 முதல் தன் மதிப்பீட்டில் கணக்கில் எடுப்பதாக அறிவித்திருக்கிறது. தங்கள் அடுத்த மாதிரியில் அவை வரும் என்று நம்புகிறேன்; என் காரில் வைப்பர் அளவையாவது திரையின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவது ஓர் அப்டேட்டில் முடிகிற வேலை.

இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது 12 வோல்ட் பேட்டரியும் பின்கதவும்தான். ஆகவே என் கோரிக்கைகளை அவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன். கார் நிற்கும்போது எந்தக் கட்டுப்பாட்டுக் கருவி எத்தனை முறை விழிக்கிறது, எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதைக் காரின் பதிவேடுகளிலிருந்து எடுத்து, காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இன்னொரு புதிய பேட்டரியைப் பொருத்தி அனுப்புவதை நான் தீர்வாக ஏற்க மாட்டேன். 12 வோல்ட் அமைப்பு முழுவதற்கும், கன்வெர்ட்டர் உட்பட, பெரிய பேட்டரிக்குத் தரும் எட்டு ஆண்டு வாரண்டியையே நீட்டிக்க வேண்டும். அது நின்றால் பெரிய பேட்டரியால் பயன் இல்லை என்னும்போது, இதற்கு மட்டும் குறைந்த காலம் தருவதில் பொருள் இல்லை. சின்ன பேட்டரி பலவீனமாகும் முன்பே திரையிலும் கைபேசியிலும் எச்சரிக்கை வர வேண்டும். பின்கதவுகளின் கம்பி வளையத்தைக் கைக்கெட்டும் இடத்துக்கு மாற்ற வேண்டும். அது முடியும்வரை, இருட்டில் ஒளிரும் ஒட்டுக்குறி ஒன்றையும் அவசரக் குறிப்புகள் அச்சிட்ட அட்டை ஒன்றையும் எனக்கு மட்டுமின்றி இந்த மாதிரியை வாங்கிய எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். இரண்டு முறை நான் செலுத்திய இழுவை வண்டிக் கட்டணத்தின் ரசீதுகளை இத்துடன் இணைத்திருக்கிறேன். அத்தொகையைத் திருப்பித் தர வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், கதவு குறித்த விவரங்களை வாகனப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்புக்கு அனுப்புவேன். அதற்கான படங்களும், அன்று திரை இருண்டு கிடந்த காணொளியும், பேட்டரி சதவீதத்தின் நாள்வாரிக் குறிப்புகளும் என்னிடம் இருக்கின்றன.

பதிலைக் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்புங்கள். செயலி வழியாக வேண்டாம். அதைத் திறந்தால் கார் விழித்துக்கொள்ளும் என்று தங்கள் ஆட்களே சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்