ஈயம் பொறுக்கும் கதை

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். ரிட்டையர் ஆன பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். சிரிக்காதே, பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து பழைய ஈயம் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

அவருக்குத் துப்பாக்கிக் குண்டு வார்ப்பது பொழுதுபோக்கு. இங்கே ஒஹாயோவில் அது சகஜம். நம்மூரில் லைசென்ஸ் இல்லாமல் செய்தால் ஆயுதச் சட்டத்தில் உள்ளே தள்ளிவிடுவார்கள். சுடுவதில் எனக்கு ஆசையே இல்லை. ஆனால் உலோகத்தைத் தரம் பிரிக்கிற வேலை இருக்கிறதே, அதில் மாட்டிக்கொண்டேன்.

டயர் கடையில் கழற்றிப் போடும் வீல் வெயிட்தான், அதாவது சக்கரம் ஆடாமல் சுற்ற அதில் மாட்டும் சின்ன எடைக்கட்டிதான், எங்கள் முக்கியச் சரக்கு. பழையது ஏறக்குறைய 95 சதவீதம் ஈயம், மீதியில் பெரும்பங்கு ஈயத்தைக் கெட்டிப்படுத்தும் ஆன்டிமனி என்ற உலோகம். இப்போது பல மாநிலங்களில் ஈய வெயிட்டுக்குத் தடை. வாளியில் பாதி இரும்பும் துத்தநாகமும்தான் வருகிறது. கட்டிங் பிளேயரால் ஒரு கடி கடித்துப் பார்ப்பேன். ஈயம் என்றால் பல் பதியும், துத்தநாகம் என்றால் வழுக்கும். சிமென்ட் தரையில் போட்டால் ஈயம் 'தொப்'பென்று விழும், மற்றது 'கிணிங்' என்னும். கண் தெரியாதவன்கூடப் பிரித்துவிடலாம்.

பிரிக்காமல் விட்டால் வினைதான். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகத்துக்கு 419 வேண்டும். சூட்டை அடக்கி வைத்தால் துத்தநாகம் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளிவிடலாம். சூடு ஏறி அதுவும் கரைந்துவிட்டதா, சட்டி முழுக்கக் கூழாகிவிடும்; அச்சின் மூலைமுடுக்கில் இறங்காது.

'காசை உருக்கினால் என்ன' என்று கேட்பாய். 1982-க்கு முந்தின ஒரு சென்ட் காசில் 95 சதவீதம் செம்பு. அந்த வருஷ நடுவில் மாற்றிவிட்டார்கள், அப்புறம் வந்ததெல்லாம் செம்பு முலாம் பூசிய துத்தநாகம். ஈயச் சட்டிக்கு அது எதிரி. செம்போ 1085 டிகிரி கேட்கும். போதாததற்கு 2006 டிசம்பரிலிருந்து ஒரு சென்ட், ஐந்து சென்ட் காசுகளை உருக்கவே தடை. அபராதம் 10,000 டாலர் வரை, சிறையும் உண்டு. ஆனாலும் மனிதர் விடுவதில்லை. தராசு வைத்து 3.11 கிராம் காசை ஒரு ஜாடியிலும் 2.5 கிராம் காசை இன்னொன்றிலும் போடுகிறார். 2025 நவம்பரில் புழக்கத்துக்கு சென்ட் அடிப்பதையே நிறுத்திவிட்டார்களா, அன்றிலிருந்து ஜாடிக்கு மரியாதை கூடிவிட்டது.

அச்சுத் தொழிலில் இருந்த உனக்காகவே ஒரு விஷயம். குண்டு வார்க்கிறவர்களுக்கு அச்சு எழுத்து உலோகம் என்றால் உயிர். வரி வரியாக எழுத்து வார்க்கும் லைனோடைப் மெஷினின் உலோகத்தில் நூற்றுக்கு 84 பங்கு ஈயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம். கையால் கோர்க்கிற எழுத்தில் ஆன்டிமனி இன்னும் அதிகம். வீட்டுக் கூரையில் கிடைக்கும் மெத்தென்ற ஈயத்தோடு இந்த எழுத்து உலோகம் கொஞ்சம் சேர்த்தால் போதும், குண்டு இறுகிவிடும். ஆஃப்செட் வந்தபோது நீ கேஸ் கேஸாக (எழுத்துப் பெட்டி பெட்டியாக) எழுத்துகளைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டாயே, அதைச் சொன்னேன். மனிதர் துடித்துப்போய்விட்டார்.

உருக்குவது வெளியில்தான், கொட்டகைக்குள் கூடாது. மரத்தூள் தூவிக் கிளறினால் அழுக்கு கசடாக மேலே வரும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போச்சு, ஆவி வெடித்து ஈயம் முகத்தில் தெறிக்கும். பேட்டரி ஈயத்தை மட்டும் தொடுவதில்லை. அதன் கசடில் ஈரம் பட்டால் விஷவாயு கிளம்பலாம். இத்தனையும் தெரிந்தவர் சட்டி பக்கத்திலேயே காபி குடிக்கிறார்! அதற்காக அவரோடு ஒரு சண்டை போட்டாயிற்று. இப்போது இரண்டு பேரும் வருஷா வருஷம் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்த்துவிடுகிறோம்.

அதைப் பார்க்கும்போதுதான் உன் நினைப்பு வந்தது. அத்தனை வருஷம் எழுத்தைக் கையால் பொறுக்கி, அந்தக் கையோடேதானே வடை தின்றோம்? ரத்தத்தில் குறைந்தாலும் எலும்பில் பல வருஷம் தங்கும் சாமான் அது. அடுத்த முறை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும்போது ஈயமும் பார்க்கச் சொல். தங்கச்சியிடமும் இதைச் சொல்லிவை, நீயாகப் போகமாட்டாய். பொங்கலுக்கு வருகிறேன், ரிப்போர்ட்டை எடுத்து வை.

அன்புடன்,
ராமு