மாத்திரைக்கு முன்னால் தூக்கத்தைக் கொடுங்கள்: விளையாட்டு விடுதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விடுதி நிர்வாகிகளுக்கும் தலைமைப் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

மாணவ வீரர்களுக்கு இரவில் 10 மில்லிகிராம், காலைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் இன்னொரு 5 மில்லிகிராம் மெலட்டோனின் (தூக்கத்தை வரவழைக்கும் ஹார்மோன்) கொடுத்தால் பயிற்சியால் உடலுக்கு வரும் பாதிப்பு குறையும் என்று சொல்லும் குறிப்பு ஒன்று பயிற்சியாளர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சில விடுதிகளில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. விளையாட்டு உடலியலிலும் மருந்தியலிலும் வேலை செய்பவர்கள் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறோம்: தயவுசெய்து இதை நிறுத்துங்கள். பிள்ளைகளுக்கு முதலில் தூங்க நேரம் கொடுங்கள்.

அந்தக் குறிப்புக்கு ஆதாரமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஸ்பெயினின் சியரா நெவாடாவில் 50 கிலோமீட்டர் மலையோட்டக்காரர்களுக்கு 3 மில்லிகிராம் மாத்திரைகள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வெளியானது. மாத்திரை எடுத்தவர்களின் ரத்தத்தில் ஆக்சிஜனேற்றச் சேதமும் (கடும் உழைப்பில் செல்களுக்கு வரும் பாதிப்பு) அழற்சியும் குறைவாக இருந்தன. ஆனால் அவர்கள் வளர்ந்த ஆண்கள். போட்டியையொட்டிச் சில மாத்திரைகள்தான் எடுத்தார்கள், மாதக்கணக்கில் அல்ல. அந்த ஆய்வு பார்த்தது ரத்தத்தில் தெரியும் அடையாளங்களை, ஓட்ட வேகத்தை அல்ல. இதிலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தினசரி 15 மில்லிகிராம் என்ற முடிவுக்கு எப்படி வந்தார்கள்?

பயிற்சிக்குப் பின் வரும் அழற்சியும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் முழுக்கப் பகையல்ல. தசை தன்னைப் பலப்படுத்திக்கொள்ளத் தூண்டும் சைகைகளும் அவற்றில் உண்டு. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின்களைத் தினமும் (சி 1000 மில்லிகிராம், ஈ 400 யூனிட்) எடுத்தவர்களிடம், உடற்பயிற்சியால் இன்சுலின் செயல்பாட்டுக்குக் கிடைக்க வேண்டிய பலன் காணாமல் போனதை 2009இல் ஒரு ஆய்வு காட்டியது. மெலட்டோனினும் அப்படித்தான் செய்யும் என்று நிரூபணமாகவில்லை. நிரூபணமாகாத ஒன்றை விடுதி முழுவதற்கும் விநியோகிப்பதுதான் எங்கள் கவலை.

காலை மாத்திரை இன்னும் மோசம். பகலில் எடுக்கும் மெலட்டோனின் உடல் வெப்பத்தைக் குறைக்கும், தூக்கக் கலக்கத்தைக் கொண்டுவரும், கவனத்தை மழுங்கடிக்கும். வார்ம்-அப் செய்து உடலைச் சூடாக்க வேண்டிய நேரத்தில் அதற்கு நேரெதிரான வேலை இது. தடை தாண்டுபவரும் ஈட்டி எறிபவரும் அந்த நிலையில் களத்தில் நிற்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு. காலையில் எடுத்தால் உடல் கடிகாரம் பின்னோக்கித் தள்ளிப்போகும், அன்றிரவு தூக்கம் மேலும் தாமதமாகும். அதைச் சரிசெய்ய இரவில் மறுபடி 10 மில்லிகிராம்!

இப்போது உங்கள் அட்டவணையைப் பாருங்கள். காலை நாலே முக்காலுக்கு எழுப்புகிறீர்கள். ஐந்தரைக்கு மைதானம், பிறகு பள்ளி, மாலையில் மறுபடி பயிற்சி. எட்டரை வரை வெள்ளை எல்இடி ஃபிளட்லைட், அதன்பின் சாப்பாடு, படிப்பு நேரம். விளக்கணைக்கும்போது பத்தரை தாண்டிவிடும். படுத்தவுடன் தூங்கினாலும் ஆறு மணி நேரம்தான். 13 முதல் 18 வயதுவரை தேவைப்படுவது 8 முதல் 10 மணி நேரம். வளரிளம் பருவத்தில் உடல் கடிகாரமே இயல்பாகப் பின்தள்ளி ஓடும் என்பதால் அந்த ஆறு மணி நேரமும் முழுதாகக் கிடைக்காது. தூங்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே மூளையின் பீனியல் சுரப்பி மெலட்டோனினைச் சுரக்கத் தொடங்க வேண்டும். கண்ணில் விழும் பிரகாசமான வெளிச்சம், அதிலும் அதன் நீலப் பகுதி, அந்தச் சுரப்பை அடக்குகிறது. இலவசமாகச் சுரப்பதை விளக்கால் தடுத்துவிட்டு, அதையே காசு கொடுத்து வாங்கி ஊட்டுகிறீர்கள்.

தூக்கமே என்ன செய்யும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 11 கூடைப்பந்து வீரர்கள் சில வாரங்கள் தினமும் 10 மணி நேரம் படுக்கையில் இருக்க முயன்றார்கள். 16.2 விநாடியில் ஓடிய ஸ்பிரிண்ட்டை 15.5 விநாடியில் ஓடினார்கள். ஃப்ரீ த்ரோ துல்லியம் 9 சதவீதம் கூடியது. 2011இல் வெளியான இந்த முடிவுக்கு எந்த மாத்திரையும் தேவைப்படவில்லை.

லேபிளை நம்பி வாங்குகிறீர்கள் என்பதும் எங்களை உறங்கவிடாத விஷயம். கனடாவில் 2017இல் சோதித்த 31 தயாரிப்புகளில் மெலட்டோனின் அளவு, லேபிளில் உள்ளதைவிட 83 சதவீதம் குறைவு முதல் 478 சதவீதம் அதிகம்வரை இருந்தது. எட்டில் செரட்டோனின் என்ற மூளை ரசாயனமும் கலந்திருந்தது. அமெரிக்காவில் 2023இல் சோதித்த ஒரு ஜெல்லி மிட்டாயில் மெலட்டோனினே இல்லை, கஞ்சாச் செடியில் உள்ள சிபிடி என்ற சேர்மம் மட்டும் இருந்தது. மெலட்டோனின் ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் இல்லை, சிபிடியும் இல்லை. ஆனால் கஞ்சாவின் மற்ற சேர்மங்கள் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டவை. கலப்படம் வழியாக ஏதாவது உடலில் ஏறினால் தண்டனை அனுபவிப்பது வாங்கிக் கொடுத்தவர் அல்ல, சிறுநீர் மாதிரி கொடுத்த பிள்ளை. கொஞ்சம் யோசியுங்கள்.

மெலட்டோனினுக்கு இடமே இல்லை என்பதல்ல. சென்னையிலிருந்து டோக்கியோ போன்ற கிழக்குப் பயணத்தில் உடல் கடிகாரம் மூன்றரை மணி நேரம் முன்னே போக வேண்டியிருக்கும்போது, அங்குள்ள படுக்கை நேரத்தில் அரை முதல் 3 மில்லிகிராம் சில இரவுகளுக்கு உதவக்கூடும். அதையும் மருத்துவர் எழுதித் தரட்டும். ஃப்ளூவோக்சமின் போன்ற மனநல மருந்து எடுப்பவருக்கு ரத்தத்தில் மெலட்டோனின் அளவு பல மடங்கு ஏறும் என்பதால் முதலில் மருந்துப் பட்டியலைக் கேளுங்கள். பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். பேட்ச் வாரியாகச் சோதித்த தயாரிப்பை மட்டும் வாங்கி, பேட்ச் எண்ணைக் குறித்துவையுங்கள். முதல் முறை போட்டிக்கு முந்தைய இரவில் வேண்டவே வேண்டாம்.

அன்புகூர்ந்து மாலைப் பயிற்சியை ஏழு மணிக்குள் முடியுங்கள். ஒன்பதரைக்கு விளக்கை அணையுங்கள். வாரத்தில் மூன்று நாளாவது காலைப் பயிற்சியை ஏழு மணிக்குத் தள்ளுங்கள், பள்ளி நேரம் இடிக்குமென்றால் அந்த நாட்களில் மாலைப் பயிற்சி மட்டும் போதும். அடுத்த மாத அட்டவணையிலேயே இதைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகளுக்குத் தூங்க நேரம் கொடுங்கள்.

இப்படிக்கு,
விளையாட்டு உடலியல், மருந்தியல் துறைகளில் பணிபுரிவோர் சிலர்