தூத்துக்குடி ஒளிப்பட ஆர்வலர்களின் ஆண்டறிக்கை: இந்த வருஷம் என்ன பார்த்தோம்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன, பரீட்சை நேரத்தில் மட்டும் ஒன்று விட்டுப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கூட்ட அறையின் பழைய புரொஜெக்டர் இன்னும் எல்லாப் படத்தையும் பச்சையாகத்தான் காட்டுகிறது, அதற்கு ஒரு வழி செய்ய வேண்டும்.

போன பொதுக்குழுவில், நம் போட்டிகளில் ஜெயிக்கிற படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்று ஒருவர் எழுந்து சொன்னது நினைவிருக்கும். சூரிய அஸ்தமனம், முகச் சுருக்கத்தோடு ஒரு பாட்டி, ஜல்லிக்கட்டுப் புழுதி. எல்லாம் நல்ல படங்கள்தான், ஆனால் அடுத்த மாதம் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. அதனால் இந்த வருஷம் கூட்டத்தின் பாதி நேரத்தை இன்றைய கலை ஒளிப்படக்காரர்களைப் பார்க்க ஒதுக்கினோம்.

ஆரம்பமே சண்டை. ஜெர்மனியின் ஆந்திரியாஸ் குர்ஸ்கி 1999-இல் செய்த 'ரைன் II' படத்தைப் போட்டோம். புல், ஆறு, புல், சாம்பல் வானம், அவ்வளவுதான். இடையூறாக இருந்த கட்டடங்களைக் கணினியில் அழித்துவிட்டார். 2011-இல் நியூயார்க் ஏலத்தில் இது 43 லட்சம் டாலருக்கு மேல் போனது என்று சொன்னதும், "இதுக்கா?" என்று அறையே எழுந்துவிட்டது. மூன்றரை மீட்டர் அகலப் படத்தைப் பச்சைப் புரொஜெக்டரில் பார்த்துத் தீர்ப்பு சொல்வது நியாயமில்லைதான், ஆனாலும் என் கருத்தைக் கேட்டால், அதைப் பார்க்கும்போது பிரமிப்பு வருகிறது, மனசு எங்கும் போகவில்லை.

ஜப்பானின் ஹிரோஷி சுகிமோட்டோ எடுத்த கடல் படங்களுக்கு வந்தபோதுதான் பேச்சு மாறியது. 1980-இல் தொடங்கி உலகின் பல கடல்களை ஒரே மாதிரி எடுத்துவருகிறார்: கறுப்பு வெள்ளை, ஃப்ரேமின் சரிபாதியில் அடிவானம், படகு கிடையாது, பறவை கிடையாது, மனிதரும் கிடையாது. நம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா, இது நெய்தல்தானே, நிலமும் பொழுதும் போதும், இரங்கல் தானே வந்துவிடும் என்றார். அது எல்லோருக்கும் ஒரு பிடியைக் கொடுத்தது. அமெரிக்காவின் டாட் ஹைடோ ராத்திரியில் புறநகர்த் தெருக்களில் ஸ்டாண்டு போட்டு, தன் விளக்கு எதையும் சேர்க்காமல், ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து எடுத்த வீடுகளைப் பார்த்ததும், ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் மஞ்சள் வெளிச்சம் தெரிகிற அந்தப் படத்துக்கு, பின் வரிசையிலிருந்து யாரோ "முல்லை" என்று குரல் கொடுத்தார்கள். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று படம் சொல்லவே இல்லை, ஆனால் காத்திருப்பு இருக்கிறது.

ஜப்பானின் ரின்கோ கவாவுச்சிக்குத்தான் அதிக நேரம் ஆனது. 2001-இல் ஒரே சமயத்தில் மூன்று புத்தகங்கள் வெளியிட்டவர். அன்றாடப் பொருட்கள், சதுர ஃப்ரேம், கொஞ்சம் வெளிறிப்போன வெளிச்சம். நம் போட்டியில் வைத்தால் 'ஓவர் எக்ஸ்போஸ்' என்று முதல் சுற்றிலேயே தள்ளியிருப்போம். தனியாகப் பார்த்தால் சாதாரணமாகத் தெரிகிற படம், எதிர்ப் பக்கத்துப் படத்தோடு சேரும்போது வேறு ஏதோ பேச ஆரம்பிக்கிறது. 2022-இல் ஒளிப்படத்துக்கான சர்வதேச விருதான ஹாசல்பிளாட் விருது வாங்கிய நம் தயானிதா சிங்கும் இந்தச் சேர்க்கையைத்தான் பிடித்துக்கொண்டார், படங்களை மாற்றி மாற்றி வைக்கும்படி மரச் சட்டங்கள் செய்து அவற்றையே அருங்காட்சியகம் என்கிறார். அமெரிக்காவின் கிரெகரி க்ரூட்சன் மாதிரி சினிமா யூனிட் வைத்துத் தெருவையே செட்டாக்குகிறவர்களும் உண்டு. இளைஞர்களுக்கு அவரைப் பிடித்திருந்தது, எனக்கு மூச்சு முட்டியது.

சரி, நாம் என்ன செய்தோம்? கார்த்திகையில், மழையால் உப்பளத்தில் வேலை நின்றிருந்த நாளாகப் பார்த்துப் போனோம். வெயிலில் கூடை சுமக்கும் பெண்கள் என்ற வழக்கமான படத்துக்கு வழியே இல்லை. சப்ஜெக்டே இல்லையே என்று பாதிப் பேர் முணுமுணுத்தார்கள், சிலர் டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் பனையோலை மூடிய உப்பு அம்பாரத்தையும், வானம் எது பாத்தி எது என்று தெரியாத தண்ணீரையும், சாயங்காலம் சுவரெல்லாம் நீலமாகிவிட்ட மோட்டார் அறையையும் நம் இளைய உறுப்பினர் ஒருவர் அடுத்தடுத்து வைத்துக் காட்டியபோது, யாரும் ஷட்டர் ஸ்பீடு என்ன என்று கேட்கவில்லை. நம் சங்கத்தில் இது நடக்காத காரியம். கலரைக் கூட்டவில்லையா என்று மட்டும் ஒருவர் கேட்டார். இல்லை என்றார் அவர்.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் தீர்மானம்: ஒற்றைப் படப் போட்டியைப் பாதியாகக் குறைத்து, பத்துப் படங்கள் கொண்ட வரிசைக்குப் பரிசு. தலைப்பு கூடாது, போனில் காட்டக் கூடாது, பிரின்ட் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும். பிரின்ட் செலவு யாருடையது என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை, இன்றே பேசி முடித்துவிடலாம். அப்புறம், சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் பொருளாளரைப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்