எட்டு வினாடிப் பச்சைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நெடுஞ்சாலைப் பொறியாளர், போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் அவர்களுக்கு,

வணக்கம். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை போகும் ரோட்டில், எங்கள் ஜங்ஷனில் போன வாரம் பலகை வைத்திருக்கிறீர்கள்: ‘கண்ட இடத்தில் சாலையைக் கடந்தால் அபராதம்.’ சரி. காணாத இடம் எது என்று எழுதத்தான் பலகையில் இடம் போதவில்லை போலும்.

வெள்ளைக்கோடு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பஸ் ஸ்டாப்பில் கிளம்பி நேராகப் போய் நடுச்சுவரில் முட்டி நிற்கிறது. புதுத்தார் போட்டபோது அந்தக் கோட்டை, சிக்னல் கம்பத்துக்கு நேரே அடித்துவிட்டார்கள். சுவரில் உள்ள திறப்போ பத்தடி தள்ளி. ஆகவே கோட்டை மதிக்கிறவர் சுவர்வரை போய், ஓரமாகப் பத்தடி பக்கவாட்டில் நடந்து, திறப்பில் நுழைந்து, அந்தப் பக்கம் மறுபடி பத்தடி திரும்பி வர வேண்டும்.

இதற்கு நீங்கள் கொடுக்கும் பச்சை விளக்கு 8 வினாடி. ஒரு பக்கம் ஏழரை மீட்டர், சுவர் ஒரு மீட்டர், மறுபக்கம் ஏழரை. ஆக 16 மீட்டர். சிக்னல் கணக்குக்கு வழக்கமாக எடுக்கும் நடைவேகம் வினாடிக்கு 1.2 மீட்டர். நேராகக் கடக்கவே 13 வினாடி தாண்டும். சுற்றையும் சேர்த்தால் 18. மூட்டுவலிக்காரர் வினாடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் 27. எட்டாவது வினாடியில் நல்ல காலுள்ளவர்கூடத் திறப்பை எட்டியிருக்க மாட்டார். சுவரில் முதுகை ஒட்டி, காய்கறிப் பையை நெஞ்சோடு அணைத்து நிற்பார். கல் ஏற்றிய டாரஸ் லாரியின் கண்ணாடி முகத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போகும்.

ஆகவே முக்கியமாகக் கேட்பது இரண்டு: கோட்டுக்கு நேரே சுவரை அறுத்துவிடுங்கள், பச்சையை 20 வினாடி ஆக்குங்கள். திறப்பு 3 மீட்டர் அகலம் இருக்கட்டும், படி வேண்டாம், தரைமட்டமாக. கார்கள் திரும்பிவிடும் என்று பயந்தால் கம்பம் நடுங்கள், சக்கர நாற்காலி நுழைய 90 சென்டிமீட்டர் விட்டு. பஸ் ஸ்டாப்பையும் கோட்டைத் தாண்டித் தள்ளிப்போட வேண்டும். இப்போது இறங்குகிறவர்கள் பஸ்ஸின் முன்னால் தலைநீட்டுகிறார்கள். பஸ்ஸை முந்தி வருகிறவனுக்கு அந்தத் தலை தெரியாது. கோட்டுக்கு வெறும் பெயின்ட் அடிக்காதீர்கள், டாரஸ் டயர் தின்றுவிடும். சூடாக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக்கே நிற்கும், மேலே கண்ணாடி மணித்தூள் தூவினால்தான் இரவில் வண்டி விளக்கின் ஒளி திரும்பும்.

மலையை உடைத்துக் கேரளாவுக்கு ஏற்றிப்போகும் லாரிக்கு ரோடு அகலம் தாராளம். கால்நடையாக வருகிறவருக்குத்தான் எல்லாம் அளந்து. அபராதம் என்றதும் ஞாபகம் வருகிறது: மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 198ஏ பிரிவின்படி, சாலை வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் உயிரோ உறுப்போ போனால் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதையும் அதே பலகையில் எழுதியிருக்கலாம்.

கோபத்தில் சொன்னது அதிகப்படியானால் பொறுத்துக்கொள்ளுங்கள். சுவரை அறுப்பது கட்டர் வைத்தால் ஓரிரு ராத்திரி வேலை. பச்சையைக் கூட்டக் கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்தால் போதும். ஓண நெரிசல் தொடங்கும் முன் இரண்டையும் செய்து தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை அந்தப் பலகையைக் கொஞ்சம் கழற்றி வையுங்கள்.

இப்படிக்கு,
தினம் இரண்டு வேளை அந்த ரோட்டைக் கடப்பவர்கள்