அந்த எட்டுக் கட்டைப் புதிர் தீராது

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழ்ப் புதிர்ப் பக்கத்தில் வந்த நகர்த்தும் எண் கட்டத்தை (காலியிடத்துக்குள் கட்டைகளைத் தள்ளி வரிசைப்படுத்துவது) எவ்வளவு தள்ளினாலும் முடிக்க முடியாது. மேல் வரிசை 4, 1, 3. நடுவில் 2, 8, 5. கீழே 6, 7, பிறகு காலியிடம். 1 முதல் 8 வரை வரிசையாக வந்து, காலியிடம் கடைசியில் நிற்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள்.

சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். எண்களை ஒரே வரியில் எழுதுங்கள்: 4 1 3 2 8 5 6 7. பெரிய எண் முன்னாலும் சிறியது பின்னாலும் நிற்கும் ஜோடிகளை எண்ணுங்கள். 4க்குப் பின்னால் 1, 3, 2 என மூன்று. 3க்குப் பின்னால் 2, ஒன்று. 8க்குப் பின்னால் 5, 6, 7 என மூன்று. மொத்தம் 7, ஒற்றைப்படை. கட்டையைப் பக்கவாட்டில் தள்ளினால் இந்த வரி மாறுவதில்லை. மேலோ கீழோ தள்ளினால் அது இரண்டு எண்களைத் தாண்டும். கணக்கு 2 கூடும், 2 குறையும், அல்லது அப்படியே இருக்கும். முடிவு நிலையில் ஜோடி பூஜ்யம். 7 எப்படி அங்கே போய்ச் சேரும்?

நாலுக்கு நாலு கட்டத்தில் கதை வேறு. அங்கே மேலே கீழே தள்ளும்போது மூன்று எண்களைத் தாண்டுவதால் ஒற்றை இரட்டையாகும், இரட்டை ஒற்றையாகும். எனவே காலியிடம் கீழிருந்து எத்தனையாவது வரிசை என்பதையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். தொகை ஒற்றைப்படையானால்தான் தீரும். இதை மறந்துவிட்டு மூன்றுக்கு மூன்று கட்டத்தின் விதியையே போடுவதுதான் வழக்கமான சறுக்கல். காலியிடத்தையும் ஓர் எண்ணாக எண்ணிவிடுகிறவர்களும் உண்டு.

நாலுக்கு நாலு கட்டத்தில் 14ஐயும் 15ஐயும் மட்டும் இடம் மாற்றிய புதிருக்கு அமெரிக்கப் புதிர் வல்லுநர் சாம் லாய்ட் 1,000 டாலர் பரிசு என்றார். அது தீராது என்பதை கணிதவியலாளர்கள் ஜான்சன், ஸ்டோரி இருவரும் 1879இலேயே நிறுவியிருந்தார்கள். பணத்துக்கு ஆபத்தே இல்லை. வேடிக்கை என்னவென்றால், காலியிடம் கடைசியில் இல்லாமல் மேல் இடது மூலையில் வர வேண்டும் என்று கேட்டால் அதே புதிர் தீரும். ஆகவே முடிவு நிலையையும் படமாகப் போடுங்கள்.

எண்களைக் குலுக்கிப் போட்டால் சரிபாதிப் புதிர்கள் தீராமல் வீணாகும். முடிந்த கட்டத்திலிருந்து நூறு, இருநூறு முறை தள்ளிக் கலைத்தால் இந்தச் சிக்கலே வராது. எழுத்துக் கட்டைகளில் ஒரே எழுத்து இரண்டு தடவை வந்தாலும் கவலையில்லை. தீராதது போலிருந்தால் அந்த இரட்டையர் இடம் மாறிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் புதிரில் 6ஐயும் 7ஐயும் மட்டும் மாற்றிப் போட்டால் கணக்கு 8 ஆகும். அதே படத்தை அடுத்த இதழில் வெளியிடலாம்.

- வாசகர்