என் கடிகாரத்தின் பின்மூடி எங்கே?

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
பொன்மலை, திருச்சிராப்பள்ளி.
(முழு முகவரியும் போன் நம்பரும் உங்கள் கணினியில் இருக்கும். ஒவ்வொரு தடவை கூப்பிட்டபோதும் முதலிலிருந்து சொல்லிப் பதியவைத்திருக்கிறேன்.)

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைமை அதிகாரி அவர்கள்,
இந்திய அலுவலகம், மும்பை.

நாள்: 12-3-2025

பொருள்: 10-6-2024 அன்று உங்கள் சென்னை ஷோரூமில் வாங்கிய கைக்கடிகாரம், அதன் எழுத்துப் பொறித்த பின்மூடி காணாமல் போனது, உத்தரவாதக் காலத்தில் பணம் வசூலித்தது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஏழாவது கடிதம். முதல் ஆறும் மின்னஞ்சல். ஆறுக்கும் எழுத்து மாறாமல் ஒரே பதில் வந்தது: உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது. அதனால்தான் இதைக் காகிதத்தில் எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். யாராவது ஒரு மனிதர் கையெழுத்துப் போட்டுத்தானே இதை வாங்க வேண்டும்.

எந்த மாடல், எப்படிப்பட்ட இயந்திரம் என்றெல்லாம் விளக்கப் போவதில்லை. செய்தவர்களுக்குத் தெரியாததா. நீல டயல், ஆட்டோமேட்டிக், ஐந்து வருட உத்தரவாதம், விலை 3,85,000 ரூபாய். இரண்டு லட்சத்துக்கு மேல் என்பதால் பான் கார்டு கேட்டீர்கள், கொடுத்தேன். அந்தப் பணம் என் கணவரின் பெயரில் இருந்த வைப்புத்தொகை. நாமினி என்ற முறையில் எனக்கு வந்தது. ‘நாலு லட்சத்துக்கு வாட்ச்சா அம்மா?’ என்று என் மகன் கேட்டான். அவனோடு ஒரு வாரம் பேசாமல் இருந்துதான் வாங்கினேன்.

என் கணவர் ரயில்வேயில் கார்டு, வண்டியின் கடைசிப் பெட்டியில் கொடி காட்டுகிறவர். சரக்கு வண்டியில் தொடங்கி, பாசஞ்சர் போய், கடைசியில் எக்ஸ்பிரஸ் வண்டிகளில் ஓய்வு பெற்றார். கல்யாணத்துக்கு என் அப்பா போட்ட எச்.எம்.டி. ஜனதாவைத்தான் கடைசிவரை கட்டினார். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு அதற்குச் சாவி கொடுத்துவிட்டுத்தான் படுப்பார். ஆனால் பத்திரிகையின் பின்னட்டையில் உங்கள் விளம்பரம் வந்தால் பக்கத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டிருப்பார். ரிட்டயர் ஆனதும் ஒன்று வாங்கலாம் என்றார். ரிட்டயர் ஆன பணம் மகள் கல்யாணத்துக்குப் போனது. அப்புறம் வாங்கலாம் என்றார். 2022 அக்டோபரில் அவரே போய்விட்டார்.

எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு அந்தக் கடிகாரத்தை வாங்கி நானே கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தேன். ஆண்கள் கடிகாரம்தான், என் கைக்குப் பெரிதுதான். அது என் விஷயம். ஷோரூமில் இருந்த பெண் நல்ல குழந்தை. செயினில் நாலு கண்ணி கழற்றி என் அளவுக்குச் செய்து கொடுத்தாள். பின்மூடியில் எழுத்துப் பொறித்துத் தருகிறோம் அம்மா என்று அவளாகத்தான் சொன்னாள். அவர் பெயரின் முதலெழுத்து, 10-6-1984, அதன் கீழே ‘ரைட் டைம்’ என்று தமிழில். வண்டி நேரத்துக்கு ஓடினால் அவர் டைரியில் எழுதுகிற சொல் அது. வீட்டில் சாப்பாடு நேரத்துக்கு ஆனாலும் அதையேதான் சொல்வார். பொறித்ததற்கு 1,500 ரூபாய் உங்கள் பில்லிலேயே தனி வரியாக இருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஆகஸ்டில் கடிகாரம் பின்தங்க ஆரம்பித்தது. நான் முப்பத்து மூன்று வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். ஒரு நோட்டுப் போட்டு தினமும் காலை ஆறு மணிக்குப் போனில் நேரம் பார்த்து எழுதினேன். ஒரு நாளைக்குச் சராசரியாக 190 விநாடி மெதுவாக ஓடியது. பெட்டியில் வைத்த சான்றிதழில் 4 விநாடி மெதுவாகவோ 6 விநாடி வேகமாகவோ போகலாம் என்று இருக்கிறது. அந்த நாலைப்போல இது நாற்பத்தேழு மடங்கு. மாதத்துக்கு 95 நிமிடம். என் கணவர் வண்டி இந்த லட்சணத்தில் ஓடியிருந்தால் அவரைச் சார்ஜ் ஷீட் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அப்புறம் காலையில் எழுந்து பார்த்தால் நின்றே கிடக்க ஆரம்பித்தது.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். இங்கேதான் நான் எழுத வேண்டியது இருக்கிறது.

அந்தப் பையன், பெயரைச் சொன்னான், நான் எழுதவில்லை, எனக்கு அவ்வளவு கோபத்திலும் ஒருவன் வேலை போக வேண்டாம் என்று இருக்கிறது. முதலில் ‘மேடம், இது ஜென்ட்ஸ் மாடல், யூஸ் பண்றது யாரு?’ என்றான். நான்தான் என்றேன். வயது கேட்டான். அறுபத்தாறு என்றேன். ‘அதான் மேடம். ஆட்டோமேட்டிக் வாட்ச் கை அசைவுலதான் ஓடும். உங்க வயசுல அசைவு கம்மியா இருக்கும். டெய்லி கொஞ்சம் கையை ஆட்டிட்டு இருங்க’ என்றான். பின்னால் யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது.

காலை ஐந்து மணிக்கு எழுந்து கோலம் போட்டு, இரண்டு குடம் தண்ணீர் தூக்கி, மாவாட்டி, மாலையில் தெருப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்குக் கரும்பலகையில் கணக்குப் போடுகிற கை இது. இந்தக் கைக்கு அசைவு போதவில்லையாம்!

சரி, அவன் சொன்னதையும் சோதித்துவிடுவோம் என்று, கையேட்டில் சொன்னபடியே கிரவுனை, அதாவது பக்கவாட்டில் இருக்கும் திருகை, நாற்பது சுற்றுச் சுற்றி முழுச் சாவி கொடுத்து மேசைமேல் வைத்தேன். யார் கையும் படவில்லை. எழுபது மணி நேரம் ஓடும் என்று அச்சடித்திருக்கிறீர்கள். இருபத்தொரு மணி நேரத்தில் நின்றது. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் இருபதுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில்தான். மேசைக்கும் வயதாகிவிட்டதா?

இன்னொருவர் காந்தம் பட்டிருக்கும், போன் பக்கத்தில் வைக்காதீர்கள் என்றார். மெயின்கார்டு கேட் பக்கம் நாற்பது வருடமாகக் கடிகாரம் பார்க்கிறவரிடம் கேட்டேன். காந்தம் ஏறினால் பெரும்பாலும் வேகமாகத்தான் ஓடும்மா என்றார். உத்தரவாதம் போய்விடும் என்று மூடியைத் திறக்கக்கூட மறுத்துவிட்டார் அந்த மனிதர். அவருக்கு இருந்த பயம் உங்கள் சர்வீஸ் சென்டருக்கு இல்லை.

செப்டம்பர் 19 அன்று கடிகாரத்தைக் கொடுக்கச் சென்னை வந்தேன். ஷோரூமில் வாங்க மாட்டோம், சர்வீஸ் சென்டர் வேறு இடம் என்று ஆட்டோவில் ஊரின் மறுகோடிக்கு அனுப்பினீர்கள். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போகட்டும்.

நவம்பர் 29-ஐப் போகட்டும் என்று விட முடியாது. கடிகாரம் தயார், வந்து பெற்றுக்கொள்ளவும் என்று 27-ஆம் தேதி எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. இன்னும் அழிக்கவில்லை. மறுநாள் ராத்திரி ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸில் ஏறி விடிகாலை எழும்பூரில் இறங்கினேன். ஃபெஞ்சல் புயல் வருகிறது என்று ஊரே பயந்துகொண்டிருந்த நாள். மழையில் நனைந்து பத்தரைக்கு உங்கள் கதவு முன்னால் நின்றேன். டோக்கன் கொடுத்தீர்கள். சிஸ்டம் டவுன் என்றீர்கள். லாக்கர் சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றீர்கள். நாலு மணிக்கு ஒருவர் வந்து, உங்கள் கடிகாரம் மும்பையில் இருக்கிறது, அந்த மெசேஜ் தானாகவே போயிருக்கும் என்றார். தானாகவே! ஐந்தரை மணி நேரம் ஈரச் சேலையோடு ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள், ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க ஆளில்லை. சுவரில் மட்டும் பதினான்கு கடிகாரம். எண்ணினேன், வேறு வேலை இல்லை. வீடு திரும்பி ஒரு வாரம் காய்ச்சல். அந்த ஒரு நாளில் என் ஆயுசில் பத்து வருடம் போனது.

ஜனவரி 9-ஆம் தேதி மறுபடி வந்தேன். முதலில் 18,400 ரூபாய் கட்டச் சொன்னீர்கள். உத்தரவாதம் என்னவாயிற்று என்றேன். வெளியில் எழுத்துப் பொறித்ததால் உத்தரவாதம் செல்லாது என்றார் கவுண்டரில் இருந்தவர். எங்கே வெளியில்? பில்லை எடுத்துக் காட்டினேன், அந்த 1,500 ரூபாய் வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். அது ஷோரூம், நாங்கள் சர்வீஸ், வேறு வேறு என்றார். இரண்டு வாசலுக்கு மேலேயும் ஒரே பெயர்ப்பலகைதானே? பணம் கட்டினால்தான் கடிகாரம் கண்ணில் படும் என்றதால் கட்டினேன். ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று ரசீதில் எழுதியே கையெழுத்துப் போட்டேன்.

கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வழுவழுவென்று இருந்தது. ஒரு எழுத்து இல்லை.

மூடியில் கீறல் இருந்தது மேடம், புதுசு மாற்றிவிட்டோம் என்றார். 18,400-இல் அதற்கும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறீர்கள். செப்டம்பரில் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு நீங்கள் கொடுத்த ஜாப் கார்டு என்னிடம் இருக்கிறது. நிலை என்ற கட்டத்தில் ‘பின்புறம் கீறல்’ என்று எழுதியிருக்கிறது. அவர் பெயரும் எங்கள் கல்யாணத் தேதியும் உங்கள் பையன் கண்ணுக்குக் கீறலாகத் தெரிந்திருக்கிறது. தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் தேதி எண்ணில்தானே இருக்கிறது? பழைய மூடியைக் கொடுங்கள் என்றேன். மாற்றிய பாகம் திருப்பித் தரப்படாது, பாலிசி என்றார். பிப்ரவரியில் மேலாளரைப் பார்க்க மறுபடி வந்தேன். அவரும் பாலிசி என்றார், ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். டீ நன்றாக இருந்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கடிகாரம் இப்போது நன்றாக ஓடுகிறது. நாளுக்கு இரண்டு விநாடிதான் வித்தியாசம். ஆனால் அதைக் கட்டிக்கொள்ள மனம் வரவில்லை. பீரோவில் கிடக்கிறது. என் கையில் இருப்பது அவருடைய ஜனதா. அதற்கும் உங்கள் 3,85,000-க்கும் சேர்த்து ராத்திரி ஒன்பது மணிக்கு நான்தான் சாவி கொடுக்கிறேன்.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. அவர் அத்தனை வருடம் ஆசைப்பட்ட பொருளைச் செய்தவர்கள் நீங்கள். அதனால் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பழைய மூடி குப்பையில் போயிருக்காது, மும்பையில் ஏதாவது ஒரு டப்பாவில் கிடக்கும். ஆள் விட்டுத் தேடச் சொல்லுங்கள். வளைந்திருந்தாலும் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, அதுதான் வேண்டும். புதிதாக அதே எழுத்தைப் பொறித்துத் தருகிறோம் என்று மேலாளர் சொன்னார். வேண்டாம். என் கல்யாண நாளில் நான் முன்னால் நின்று பார்க்கப் பொறித்தது அது. அதோடு 18,400 ரூபாயும், வீணாக அலைந்ததற்கான செலவும் வேண்டும். கையை ஆட்டச் சொன்ன பையனிடமிருந்து தமிழில் நாலு வரி மன்னிப்பும் வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் சும்மா இருக்க மாட்டேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து ஏற்கெனவே புகார் எண் வாங்கிவிட்டேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இனி நான் சென்னைக்கு வர வேண்டியதில்லை, நீங்கள்தான் திருச்சிக்கு வர வேண்டும். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் எனக்குக் கட்டணமும் கிடையாது. மன உளைச்சலுக்கு இருபத்தைந்து லட்சம் கேட்பேன். அதிகம் என்று என் மகனே சொல்கிறான், வழக்கறிஞரும் சிரிக்கிறார். நீங்கள் தொலைத்ததற்கு வேறு என்ன விலை போடுவது? நோட்டு, பில், ஜாப் கார்டு, ரசீது, குறுஞ்செய்தி எல்லாவற்றுக்கும் நகல் இணைத்திருக்கிறேன். மூடியைப் போனில் எடுத்த படமும் இருக்கிறது. எழுத்து தெளிவாகத் தெரியும், தேடுகிறவரிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: போன் செய்வதானால் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை வேண்டாம், பிள்ளைகளுக்கு டியூஷன் நேரம். கை வேலையாக இருக்கும்.